மார்கழி சீசன்: கையைக் கடிக்காமல் கச்சேரி கேட்பது எப்படி?

டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் தாண்டியும் சென்னையில் சபாக்களில், அதாவது இசை அமைப்புகளின் அரங்குகளில், காலை முதல் இரவு வரை கர்நாடக இசைக் கச்சேரி நடக்கும். புதிதாக வருகிறவர்கள் பயப்படுவது டிக்கெட் விலைக்கு. உண்மையில் காசு கரைவது ஆட்டோவிலும் கேன்டீனிலும்தான். திட்டத்தை அதற்கேற்றபடி போடுங்கள்.

படி 1: பட்டியலை நேரவாரியாகப் பிரியுங்கள்

நவம்பர் கடைசியிலிருந்து சபாக்களின் இணையதளங்களிலும் நாளிதழ்களிலும் நிகழ்ச்சி நிரல் வரத் தொடங்கும். அதைப் பெயர் பார்த்துப் படிக்காதீர்கள், நேரம் பார்த்துப் படியுங்கள். ஒரு சபாவின் நாள் கிட்டத்தட்ட இப்படி ஓடும்: காலையில் லெக்-டெம் எனப்படும், பாடிக்காட்டிச் செய்யும் விளக்கவுரை, பகல் 12 மணிக்கு ஒரு கச்சேரி, 2 மணியை ஒட்டி இன்னொன்று, 4 மணிக்குச் சற்றே பெயர் வந்தவர்கள், 6 மணிக்கு மேல் நட்சத்திரங்கள்.

பெரும்பாலான சபாக்களில் பகல் 12, 2 மணிக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. மியூசிக் அகாடமியின் காலை லெக்-டெம்முக்கும் சும்மாவே போய் உட்காரலாம். மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் உள்ள பாரதிய வித்யா பவனில் இலவசக் கச்சேரிகள் நிறைய. 4 மணிக் கச்சேரி மட்டும் சபாவுக்குச் சபா மாறும். வாசலில் நிற்பவரிடம் "இதுக்கு டிக்கெட் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

பகல் கச்சேரி என்றால் இரண்டாந்தரம் என்று எண்ண வேண்டாம். இன்று மாலையில் ஹவுஸ்ஃபுல் ஆகும் பலரும் ஒரு காலத்தில் அந்த 12 மணி மேடையில், கால்வாசி நிரம்பிய அரங்கில் பாடியவர்கள்தான். கேட்பவருக்கும் லாபம்: மாலையில் பால்கனியில் இருந்து பார்ப்பதை, பகலில் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கலாம். வயலின்காரர் பாடகரின் ஸ்வரத்துக்குப் பதில் சொல்லும் அழகெல்லாம் அருகிலிருந்தால்தான் தெரியும். ஆனால் முதல் சில வரிசைகள் டோனர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒதுக்கியிருக்கலாம், நாற்காலியில் காகிதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து உட்காருங்கள்.

படி 2: ஒரு நாளுக்கு ஒரு பேட்டை

இதில்தான் முதல்முறை வருகிறவர்கள் சறுக்குகிறார்கள். 4 மணிக்கு தி.நகர் கிருஷ்ண கான சபா, 6 மணிக்கு அகாடமி என்று போட்டுக்கொள்வார்கள். காகிதத்தில் பக்கம்தான். சாயங்கால நெரிசலில் ஆட்டோவுக்கும் கொடுத்து, தொடக்கத்தில் பாடும் வர்ணத்தையும் முதல் இரண்டு கிருதிகளையும் (பாடல்களையும்) தவறவிட்டு, கதவு திறக்கும்வரை வெளியே நிற்க வேண்டியதாகும். பாட்டு நடக்கும்போது உள்ளே விடமாட்டார்கள்.

நடந்தே முடிக்கக்கூடிய வட்டங்கள் இவை:

- மயிலாப்பூர்: பாரதிய வித்யா பவன், ரசிக ரஞ்சனி சபா, லஸ் பக்கம் ராகசுதா ஹால். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் போதும்.
- டி.டி.கே. சாலை: மியூசிக் அகாடமி, அதே சாலையில் நாரத கான சபா.
- தி.நகர்: கிருஷ்ண கான சபா, வாணி மகால், பாரத் கலாச்சார்.

பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழாவுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். 1943-இல் தொடங்கிய சங்கம், தமிழ்ப் பாட்டுதான் அங்கே பிரதானம். தெலுங்கு, சமஸ்கிருத வரிகள் பிடிபடாத புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவுக்குப் போனால் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது என்று நம்ப வேண்டாம், இறங்கியபின் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ வேண்டும்.

பெண்களுக்கு மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகள் இலவசம். போகவர ஒரு பைசா செலவில்லை.

படி 3: கேன்டீனுக்கு ஒரு வரம்பு

சபா கேன்டீனில் சாப்பிட டிக்கெட் தேவையில்லை. அதனால் கச்சேரி கேட்காமல் சாப்பிட மட்டும் வரும் கூட்டமே தனி. மதியம் இலை போட்டுச் சாப்பிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய செலவு. சீசனுக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் மதியத்தை மயிலாப்பூர் மெஸ் ஒன்றில் முடிக்கலாம். பக்கத்தில் அம்மா உணவகம் இருந்தால் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்.

கேன்டீனில் வாங்க வேண்டியது டிபன்: ஒரு கீரை வடை, ஒரு காபி. அசோகா அல்வா இருந்தால் ஒரு கப் வாங்கி இருவர் பகிரலாம், நெய் அவ்வளவு இருக்கும். மாலைக் கச்சேரிக்கு முந்தைய முக்கால் மணி நேரமும், உள்ளே தனி ஆவர்த்தனம் ஆரம்பித்த உடனேயும் வரிசை நீளும். மெயின் உருப்படி முடிந்து மிருதங்கமும் கடமும் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து காபிக்குப் போவது சபாக்களின் பழைய கெட்ட பழக்கம். நீங்கள் போகாதீர்கள். மரியாதை ஒரு பக்கம், காலியாகும் நல்ல நாற்காலி இன்னொரு பக்கம்.

படி 4: ஒரே ஒரு டிக்கெட்டுக்குச் சேமியுங்கள்

நாளுக்கு 300 ரூபாய், ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். பயணத்துக்கு 50, சாப்பாடு டிபனுக்கு 150. மீதி 100 வீதம் ஐந்து நாளில் 500 சேரும். அதில் நீங்கள் கேட்டே ஆகவேண்டும் என்று நினைக்கும் ஒருவரின் மாலைக் கச்சேரிக்கு, குறைந்த விலை இருக்கையை வாங்குங்கள். சீசன் டிக்கெட் வேண்டாம், தினமும் மாலையில் அதே அரங்கில் உட்காருபவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். பெரிய பெயர்களுக்கு அன்றைய டிக்கெட்டைக் காலையிலேயே கவுன்ட்டரில் வரிசை நின்று வாங்குகிறார்கள். சாயங்காலம் போனால் கிடைக்காது. அதே கலைஞர் சீசனில் நாலைந்து சபாக்களில் பாடுவார், அகாடமியில் இடமில்லை என்றால் சின்ன அரங்கில் தேடுங்கள், விலையும் இறங்கும்.

படி 5: பையில் என்ன?

சால்வை முதலில். ஏசி குளிரில் இரண்டாவது கச்சேரிக்குள் பல் தந்தியடிக்கும். தண்ணீர் பாட்டில், சில்லறை, ஒரு சின்ன நோட்டு. பாட்டின் முதல் வரியை எழுதி வைத்தால் ராகத்தை வீட்டில் தேடிக்கொள்ளலாம். பக்கத்து நாற்காலி மாமாவிடம் கேட்டாலும் சொல்வார், கேட்காமலே சொல்வதும் உண்டு. தாளத்தைத் தொடையில் போடுங்கள், நாற்காலிக் கையில் தட்டினால் வரிசையே அதிரும்.

அரங்குக்கு வெளியே

மார்கழி விடியலில் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளில் பஜனை கோஷ்டி சுற்றி வரும். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் நடத்தி வந்த மரபு அது. கட்டணம் எதுவும் இல்லை, தூக்கம்தான் போகும். ஜனவரியில் அதே மாட வீதிகளில் மயிலாப்பூர் விழா, கோலப் போட்டியோடு. பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமத்தில் பறையாட்டம், கரகம், ஒயிலாட்டம் எல்லாம் திறந்தவெளியில் இலவசம். நாற்காலி கிடைக்காவிட்டாலும் உட்கார ஒரு பழைய பெட்ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள்.