'தேவதை' என்று எழுதியவுடனே தொடங்கும் தவறுகள்: ஃபேரி உலகை ஃபேன்டஸி நாவலாக்குவோருக்கு

ஃபேரி என்ற சொல்லுக்குத் தமிழில் 'தேவதை' என்று எழுதிவிட்டால் பாதி நாவல் அங்கேயே கைநழுவிப் போகிறது. தேவதை என்றதும் வாசகர் வரத்தை எதிர்பார்ப்பார். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் கிராமங்களில் சொல்லப்பட்டு வந்த ஃபேரிகளோ பக்கத்து மேட்டுக்கு அடியில் குடியிருப்பவர்கள். மாடு வளர்ப்பார்கள், கல்யாணம் நடத்துவார்கள், கைமாற்று கேட்டு வருவார்கள், கொடுத்ததைக் கணக்கு வைத்துத் திரும்பக் கேட்பார்கள். பகைத்துக்கொண்டு வாழ முடியாத அக்கம்பக்கத்தார். இந்த உறவுதான் இந்த வகை நாவலின் உயிர். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

பெயர் சொல்லி அழைக்கக்கூட மக்கள் அஞ்சினார்கள். அயர்லாந்தில் 'நல்லவர்கள்' என்றார்கள், ஸ்காட்லாந்தில் 'நல்ல அயலார்', வேல்ஸில் 'டில்வித் டேக்', அதாவது அழகிய குடும்பத்தார். எனவே உங்கள் கதையில் வரும் கிராமத்துக் கிழவி "ஃபேரி வந்து பாலைக் குடிச்சிட்டுப் போயிடுச்சு" என்று சொல்ல மாட்டாள். "ராத்திரி அவங்க வந்து போயிருக்காங்க" என்பாள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். ஒரே ஒரு 'அவங்க' போதும், ஒரு பத்தி வர்ணனை மிச்சம்.

பூச்சிச் சிறகு, கட்டைவிரல் உயரம் இரண்டையும் மறுபரிசீலனை செய்யுங்கள். குட்டி உருவம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில நாடக மேடை வழியாகப் பரவியது. பட்டாம்பூச்சிச் சிறகு அதற்கும் பின்னால் வந்த ஓவியர்களின் கைவண்ணம். ஸ்காட்லாந்தில் அபர்ஃபாயில் என்ற ஊரின் பாதிரியார் ராபர்ட் கிர்க் 1691-92இல் எழுதிய கையெழுத்துப்படியில், அவர்களின் உடல் இறுகிய மேகம் போன்றது, அந்தி வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும் என்கிறார். படைகள் மோதும் பெருங்கதைக்கு அந்த மேக உடல் எவ்வளவோ பொருத்தம்.

எல்லாவற்றையும் ஒரே பானையில் போடுவது

கெல்பி ஸ்காட்லாந்தின் ஆறுகளில் வரும் குதிரை. செல்கி ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளின் கடல்நாய்ப் பெண். பேன்ஷீ அயர்லாந்துக்காரி, குறிப்பிட்ட சில குடும்பங்களோடு ஒட்டியவள். அவள் யாரையும் கொல்வதில்லை, சாவு வரும் முன் அழுகிறாள், அவ்வளவுதான். பிக்ஸி என்ற குறும்புக்கார ஃபேரி தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் பக்கம். நால்வரையும் ஒரே காட்டில் விட்டால் அது மிருகக்காட்சி சாலையாகிவிடும். ஒரு நிலப்பகுதியை அடித்தளமாக வையுங்கள். வேறு இடத்திலிருந்து ஓர் உயிர் வந்தால், அது எப்படி அங்கே வந்தது என்பதற்குக் கதைக்குள் காரணம் வேண்டும்.

தமிழில் எழுதுவோர் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, உச்சரிப்பு. ஐரிஷ் பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே எழுத்துக்கூட்டி எழுதினால் 'சித்ஹே', 'சாம்ஹைன்', 'நியாம்' என்று வரும். சரியான ஒலி 'ஷீ' (ஃபேரிகள்), 'சௌவின்' (ஒரு பண்டிகை), 'நீவ்' (ஒரு பெண்ணின் பெயர்). ஒஷீன், கூ குலின், டீர் ந நோக் ஆகியவையும் அப்படித்தான். முதல் அத்தியாயம் எழுதும் முன் பெயர்ப் பட்டியல் ஒன்று போட்டு, ஒவ்வொன்றையும் காதால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 400 பக்கம் எழுதிய பிறகு நாயகியின் பெயரை மாற்றுவது பெரும் வேதனை.

இரும்பை எங்கும் தூவுவது

ஃபேரிக்கு இரும்பு ஆகாது என்பது பழைய நம்பிக்கை. தொட்டிலுக்கு மேல் கத்தரிக்கோலைத் தொங்கவிடுவார்கள். மேட்டின் வாசல் மூடிக்கொள்ளாமல் இருக்க நிலையில் கத்தியைக் குத்தி வைப்பார்கள். இரண்டும் வீட்டளவில் நடப்பவை. இதைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல். இரும்பு பட்டாலே அவர்கள் பொசுங்கிவிடுவார்கள் என்றால், கொல்லர் பத்துப் பேரும் ஈட்டி ஏந்திய ஆயிரம் பேரும் இருக்கும் எந்த ராஜாவும் ஒரே மாதத்தில் போரை முடித்துவிடுவார். உங்கள் மூன்று பாக நாவலுக்கு அங்கே வேலையில்லை.

ஆகவே மூன்றை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இரும்பு அவர்களைக் கொல்கிறதா, தடுக்கிறதா, மாயத்தை மட்டும் கலைக்கிறதா? தொட்டால்தான் வேலை செய்யுமா, பக்கத்தில் இருந்தாலே போதுமா? யாருக்கெல்லாம் விலக்கு? மூன்றாவது கேள்வியை எழுதுவோர் அநேகமாக மறந்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தின் பாழடைந்த கோட்டைகளில் திரியும் ரெட்கேப், இரும்புக் காலணி போட்டுக்கொண்டே நடப்பவன். மரபே விலக்கு வைத்திருக்கிறது. இன்னொன்று: 'குளிர் இரும்பு' என்று தனி உலோகம் கிடையாது. பழைய ஆங்கிலப் பேச்சில் அது வாளையும் ஆயுதத்தையும் குறிக்கும் சொல்லாட்சி. தனி உலோகமாக வேண்டுமென்றால் தாராளமாகக் கற்பனை செய்யலாம், மரபு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒப்பந்தத்தின் வாசகத்தை எழுதாமல் விடுவது

இதுதான் மிகப் பெரிய தவறு. மாயத்தைச் சக்தியாக எழுதுகிறோம்: கையிலிருந்து ஒளி வந்தது, மரம் எரிந்தது. இந்த மரபில் மாயம் பெரும்பாலும் நிபந்தனையாக வரும். இதைச் செய்தால் இது கிடைக்கும், இதை மீறினால் எல்லாம் போகும். வாசகம் தெளிவாக இல்லையென்றால் மீறல் நடக்கும்போது வாசகருக்கு அடி விழாது.

வேல்ஸில் லின் அ வான் வாக் என்ற ஏரியின் கதையைப் பாருங்கள். ஏரியிலிருந்து வந்த பெண் ஓர் இளைஞனை மணக்கிறாள். காரணமில்லாமல் மூன்று முறை அடித்தால் போய்விடுவேன் என்பது நிபந்தனை. அவன் கொடுமைக்காரனல்ல. ஞானஸ்நானத்துக்குக் கிளம்பத் தயங்கியவளைக் கையுறையால் விளையாட்டாகத் தட்டுகிறான். அது ஒன்று. கல்யாண வீட்டில் அவள் அழுததும் தொடுகிறான், இரண்டு. சாவு வீட்டில் அவள் சிரித்ததும் தொடுகிறான், மூன்று. உடனே அவள் எழுந்து ஏரியை நோக்கி நடக்கிறாள். தன் மாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அறுத்துக் கொக்கியில் மாட்டியிருந்த கறுப்புக் கன்றுகூட உயிர் பெற்று இறங்கி அவள் பின்னால் போகிறது.

எவ்வளவு கச்சிதம்! 'அடி' என்ற சொல்லுக்கு அவன் வைத்திருந்த பொருளும் அவள் வைத்திருந்த பொருளும் வேறு. முழுத் துயரமும் அந்த ஒரு சொல்லின் இடைவெளிக்குள் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு சொல் இருக்க வேண்டும். தனித்தாளில் ஒப்பந்தத்தை 20 சொற்களுக்கு மிகாமல் எழுதுங்கள். எந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்று அடிக்கோடிடுங்கள். அந்த வாக்கியத்தை ஓர் எழுத்தும் மாறாமல், மீறல் வரும் முன் குறைந்தது இரண்டு முறை வாசகர் காதில் போடுங்கள். முதல் மீறல் சிறியதாக, மன்னிக்கக்கூடியதாக இருக்கட்டும். நிபந்தனையை மீறல் நடந்த பிறகு வெளிப்படுத்தினால் அது ஏமாற்று வேலை, வாசகர் மன்னிக்க மாட்டார்.

இன்னும் கூர்மையான வழியும் உண்டு. ஒருவன் தலையில் இரண்டு விலக்குகளைச் சுமத்தி, இரண்டையும் ஒரே இடத்தில் மோதவிடுவது. ஐரிஷ் மரபில் இந்த விலக்குக்கு 'கெஷ்' என்று பெயர். வீரன் கூ குலின் என்ற பெயருக்கே 'குலனின் வேட்டைநாய்' என்றுதான் பொருள், ஆகவே அவன் நாய் இறைச்சி தின்னக் கூடாது. அடுப்பு வைத்துச் சமைக்கும் இடத்தைக் கடந்தால் விருந்தை மறுக்கவும் கூடாது. கடைசிப் போருக்குப் போகும் வழியில் ஒற்றைக்கண் கிழவிகள் மூவர் நாயைச் சமைத்துக்கொண்டு அழைக்கிறார்கள். நழுவப் பார்க்கிறான். ஏழை வீட்டுச் சாப்பாடு என்பதால் இளப்பமா என்று கேட்டுவிடுகிறார்கள். இடது கையால் வாங்கித் தின்று, எலும்பை இடது தொடைக்கு அடியில் வைக்கிறான். அந்தக் கையும் தொடையும் வலுவிழக்கின்றன. எந்த எதிரியும் வாள் வீசும் முன்பே அவன் முடிவு உறுதியாகிவிட்டது. 'மாயத்துக்கு விலை வேண்டும்' என்று எல்லோரும் சொல்கிறோம். மயக்கம், மூக்கில் ரத்தம் என்று எழுதுவது விலையாகாது. எந்தக் கை, எந்தத் தொடை என்று சொல்லுங்கள்.

ஃபேரியால் பொய் சொல்ல முடியாது என்ற விதியை இன்றைய நாவல்கள் மரபு போலவே எடுத்துக்கொள்கின்றன. பழைய ஸ்காட்டிஷ் கதைப்பாடலில் பொய் சொல்ல முடியாத நாக்கு மனிதனாகிய தாமஸுக்குக் கிடைக்கிறது. ஃபேரி ராணி அதைக் கூலியாகக் கொடுக்கும்போது, 'இதை வைத்துக்கொண்டு சந்தையில் எப்படி வாங்கி விற்பேன்' என்று அவன் பதறுகிறான். நம் பெயரைச் சொன்னால் ஃபேரியின் பிடியில் சிக்குவோம் என்பதும் அப்படித்தான். பழங்கதைகளில் மனிதர்தான் அவர்களுடைய பெயரைக் கண்டுபிடித்துத் தப்பிக்கிறார். தலைகீழாக்கி எழுதுவது உங்கள் உரிமை. ஆனால் மூலத்தில் இருப்பது எத்தனையோ புதிதாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

காலக் கணக்கு

ஐரிஷ் வீரன் ஒஷீன், நீவ் என்ற ஃபேரி உலகப் பெண்ணுடன் டீர் ந நோக் என்ற இளமை நாட்டுக்குப் போகிறான். மூன்று ஆண்டுகள் இருந்ததாக நினைக்கிறான், வெளியே 300 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. இதை அப்படியே விகிதமாக்கினால் உள்ளே ஒரு நாள், வெளியே 100 நாள். கேட்க நன்றாக இருக்கிறது. உங்கள் நாயகி அங்கே ஒரு வாரம் தங்கினால் வெளியே 700 நாள், அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். முற்றுகையிலிருக்கும் கோட்டையும் கர்ப்பிணித் தங்கையும் அடுத்த அத்தியாயத்தில் அதே நிலையில் காத்திருந்தால் கதை கிழிந்துவிட்டது. உள்ளே ஒரு பாத்திரம், வெளியே ஒரு பாத்திரம் என மாறி மாறி அத்தியாயம் எழுதுவோர் இதில்தான் அதிகமாக விழுகிறார்கள். இரண்டு பத்தி கொண்ட நாட்காட்டி ஒன்று போடுங்கள்: இடப்பக்கம் உள்ளே நாள், வலப்பக்கம் வெளியே நாள். ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பின் எதிரிலும் இரண்டையும் குறியுங்கள்.

விகிதமே வேண்டாம் என்றும் முடிவு செய்யலாம், மரபு அதற்குத்தான் அதிகம் இடம் கொடுக்கிறது. ஊர் திரும்பிய ஒஷீனுக்கு முதுமை குதிரையில் இருந்தவரை வரவில்லை, தரையைத் தொட்டதும்தான் வந்தது. 12ஆம் நூற்றாண்டில் பதிவான ஹெர்லா மன்னன் கதையில், மன்னரும் அவர் ஆட்களும் குள்ள ராஜாவின் கல்யாணத்தில் மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். கையில் கொடுத்தனுப்பிய சிறு வேட்டைநாய் குதித்து இறங்கும்வரை யாரும் குதிரையை விட்டு இறங்கக் கூடாது. வழியில் ஓர் ஆட்டிடையனிடம் ராணியைப் பற்றி விசாரிக்கிறார் மன்னர். உங்கள் பேச்சே எனக்குச் சரியாகப் புரியவில்லை, நான் சாக்சன் இனத்தவன், நீங்கள் பிரிட்டானியர் என்கிறான் அவன். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவசரப்பட்டு இறங்கிய சிலர் தூசியாகிறார்கள். நாய் இறங்கவே இல்லை. காலம் போனதைக் காட்ட மொழி மாறியதைக் காட்டினால் போதும் என்பதை அந்த இடையனிடம் கற்றுக்கொள்ளுங்கள். புதர் மண்டிய வீடு, நரைத்த நண்பன் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

மாற்றுக் குழந்தையை அலங்காரமாக்குவது

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், தங்களில் ஒன்றைத் தொட்டிலில் விட்டுப் போவார்கள் என்ற நம்பிக்கையை நாவலாசிரியர்கள் நாயகனின் ரகசியப் பிறப்புக்காகப் பயன்படுத்துகிறார்கள். அதன் நிஜ வரலாறு வலி மிகுந்தது. நோயுற்ற, வளர்ச்சி குன்றிய குழந்தைகள்மேல் இந்த முத்திரை குத்தப்பட்டது. வயது வந்தவர்களும் தப்பவில்லை. 1895இல் அயர்லாந்தின் டிப்பெரரி மாவட்டத்தில் பிரிஜட் கிளியரி என்ற 26 வயதுப் பெண்ணை, இவள் என் மனைவி அல்ல என்று சொல்லிக் கணவனே எரித்துக் கொன்றான். இதை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. எழுதினால், மாற்றப்பட்டதாகச் சந்தேகிக்கப்படுபவரின் கண்வழியாக ஒரு காட்சியாவது இருக்கட்டும்.

இருண்ட மன்னனும் இறுதிப் போரும்

சீலி, அன்சீலி என்ற ஸ்காட்டிஷ் பிரிவை நல்ல கட்சி, கெட்ட கட்சியாக்குவது சுலபம். 'சீலி' என்றால் பேறு பெற்றவர்கள் என்று பொருள். பேறு பெற்றவர்களும் அவமதித்தால் பழிதீர்ப்பார்கள். பெருங்கதைக்கு எதிரி வேண்டுமே என்று இருண்ட மன்னனைத் தேடுவதற்கு முன், டாம் லின் கதைப்பாடலைப் படியுங்கள். ஃபேரி அரசவையே ஏழாண்டுக்கு ஒருமுறை நரகத்துக்குத் திறை கட்ட வேண்டியிருக்கிறது. இந்த முறை தன்னைக் கொடுத்துவிடுவார்களோ என்று அவர்களிடம் சிக்கியிருக்கும் மனிதனாகிய டாம் லின் பயப்படுகிறான். ஆள் திருடும் ராணிக்கு மேலேயும் கடன் வசூலிக்க ஒருவன்! ஒரு முழு அரசியல் நாவலுக்கான காரணம் அந்த ஒரு வரியில் கிடக்கிறது.

அந்தக் கதைப்பாடலின் உச்சகட்டத்தில் படை கிடையாது. ஹாலோவீன் நள்ளிரவு. டாம் லின்னின் காதலி ஜேனட் குறுக்குச்சாலையில் காத்திருக்கிறாள். கறுப்புக் குதிரையைப் போகவிட வேண்டும், பழுப்பைப் போகவிட வேண்டும், வெள்ளைக் குதிரைமேல் வருபவனை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவன் பாம்பாகிறான், கரடியாகிறான், சிங்கமாகிறான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிறான். கையை எடுக்கக் கூடாது. கடைசியில் எரியும் கரித்துண்டாகும்போது தண்ணீருக்குள் எறிய வேண்டும், வெளியே வரும் ஆணைப் பச்சைப் போர்வையால் மூட வேண்டும். எல்லா விதிகளும் முன்பே சொல்லப்பட்டவை, வரிசையும் தெரிந்ததே, பதற்றம் மட்டும் குறையவில்லை. தோற்ற ராணி போரிடுவதில்லை. இப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் உன் சாம்பல்நிறக் கண்களைப் பிடுங்கிவிட்டு மரக்கண்களை வைத்திருப்பேன் என்று டாம் லின்னிடம் சொல்கிறாள்.