உடற்குறையோடு லொறிச் சாரதியாவது எப்படி? திருகோணமலையில் தொடங்க நினைப்பவர்களுக்கு

சீனன்குடாவில் மா ஆலைக்கும் சீமெந்துத் தொழிற்சாலைக்கும் வந்துபோகும் லொறிகளைப் பார்த்துவிட்டு, "என்னுடைய காலோடு இந்த வேலை சரிவருமா?" என்று கேட்கும் தம்பிமார் பலர் இருக்கிறார்கள். விபத்தொன்றின் பின் முழுமையாக மடங்க மறுத்த இடது முழங்காலோடு பல ஆண்டுகள் லொறி ஓட்டியவன் என்ற முறையில், அவர்களுக்கு நான் சொல்லும் வழியை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிப் பாடசாலைக்குக் காசு கட்டுவதற்கு முன்னரே வைத்தியரைப் பாருங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்துக்குத் தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் சான்றிதழ் எப்படியும் வேண்டும். அங்கே போகுமுன், உங்களுக்குச் சிகிச்சையளித்த வைத்தியரிடம் பழைய எக்ஸ்ரே படங்களையும் சிகிச்சை அட்டையையும் காட்டி, எந்த அசைவு முடியும், எது முடியாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதையும் மறைக்க வேண்டாம். மறைத்துப் பெற்ற சான்றிதழ், வீதியில் ஒரு விபத்து நேர்ந்தால் உங்களையும் காக்காது, எதிரே வந்தவரையும் காக்காது.

சாரதி அனுமதிப்பத்திரத்தில் லொறிகளுக்கு சீ1 (C1), சீ (C), சீஈ (CE) என்று வகுப்புகள் உண்டு. மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிகள் சீ1 வகுப்பிலும், அதற்கு மேற்பட்டவை சீ வகுப்பிலும், பாரமான இழுவைப்பெட்டி பூட்டியவை சீஈ வகுப்பிலும் அடங்கும். சீ1 வகுப்பு லொறியிலிருந்து தொடங்குவதே நல்லது.

அடுத்து, தெரிந்த ஒருவரின் லொறியை நிறுத்திவைத்து, அதில் ஏறி உட்கார்ந்து உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். கிளச்சை அடிவரை மிதித்து, மெதுவாக விட்டு, அப்படியே ஐம்பது தடவை செய்யுங்கள். முதல் பத்துத் தடவையில் எந்தக் காலும் வலிக்காது. முப்பதுக்குப் பிறகு தொடை நடுங்குகிறதா, விடும்போது கால் துள்ளுகிறதா என்று கவனியுங்கள். நம் நாட்டு லொறிகளில் கியரை இடது கையால் மாற்ற வேண்டியிருப்பதால், இடது தோள் பலவீனமானவர்கள் அதையும் இப்படியே பார்க்க வேண்டும். இடது கால் அறவே பயன்படாதவர்கள், தானியங்கிக் கியர் உள்ள வாகனத்தில் பரீட்சைக்குத் தோற்றுவது பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் உடம்பை அதிகம் வருத்துவது ஓட்டும் வேலையைவிட அதைச் சுற்றியுள்ள வேலைதான். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது முழங்காலைப் பற்றி முதலாளியிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மழை தொடங்கியதும் தறப்பாள் கட்ட மூட்டைகளின் மேல் ஏறிவிட்டேன். கயிறெல்லாம் கட்டி முடித்த பின், நனைந்த பக்கப் பலகையில் கால் வைத்து இறங்க முடியாமல், கிளீனர் தோள் கொடுக்கும் வரை மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஆகவே வேலை கேட்கும்போதே, "ஓட்டுவேன், பாரம் தூக்க மாட்டேன், தறப்பாள் கட்ட ஆள் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். உடற்குறையைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்வதையும் தெரிந்து வைத்திருங்கள். சீமெந்து மூட்டை ஒன்று ஐம்பது கிலோ. அதை ஏற்றி இறக்க நாட்டாமைமார் இருக்கும் இடமா என்று கேளுங்கள். டிப்பரும் பவுசரும் தூக்கும் வேலை குறைந்தவை.

ஏறும்போதும் இறங்கும்போதும் கபினைப் பார்த்தபடி, இரண்டு கையும் ஒரு காலுமோ, ஒரு கையும் இரண்டு காலுமோ எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும். ஒருபோதும் குதிக்க வேண்டாம்.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள், லொறி ஓட்டலாமா என்பதை வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். அவர் சம்மதித்தாலும், புறப்படுமுன் சர்க்கரையை அளந்து, குளுக்கோசை கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை நோக்கிப் போகும்போது காட்டுப் பகுதிகள் உண்டு, யானைகளும் குறுக்கிடும். சர்க்கரை இறங்கிக் கை நடுங்கிய பிறகு அங்கே கடை தேட முடியாது.

முதல் சில மாதங்களுக்குக் கிண்ணியா, மூதூர் பக்கமாகக் குறுகிய ஓட்டங்களை மட்டும் எடுங்கள். பெரும்பாலும் சமதரையான பாதை. உடம்பு ஒத்துழைக்க மறுத்தால் அன்றைக்கே வீடு திரும்பலாம். எத்தனை மணித்தியாலம் ஓட்டியபின் வலி தொடங்குகிறது என்பதை ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். கொழும்பு ஓட்டத்துக்கு ஒப்புக்கொள்வதா என்று முடிவெடுக்கும்போது அந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள்.