123456789: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு பெரிய எண்ணின் பகாக் காரணிகள் தெரிந்துவிட்டால் அதைப் பற்றிய மற்ற கேள்விகளில் பலவற்றுக்கு ஐந்து நிமிடத்தில் விடை சொல்லிவிடலாம். கஷ்டமெல்லாம் பிரிப்பதில்தான். 123456789-ஐ எடுத்துக்கொள்வோம். பேப்பரும் சாதாரண கால்குலேட்டரும் போதும்.

முதலில் எளிதாகத் தெரிவதைக் கழித்துவிடுங்கள். ஒற்றை எண், எனவே 2 வகுக்காது. 5-ம் இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 45, ஆகவே 9 வகுக்கும்:

123456789 = 9 × 13717421

13717421-இன் இலக்கங்களைக் கூட்டினால் 26. இனி 3-க்கு வேலையில்லை.

அடுத்து 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போகலாம். ஆனால் இதன் வர்க்கமூலம் 3703.7 அளவில் வருகிறது. எண் பிரியுமானால் ஒரு காரணியாவது வர்க்கமூலத்துக்குள் இருக்கும் என்பதால் அதுவரை பார்த்தால் போதும். ஆனாலும் அதுவரை 500-க்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. அதற்கு முன் 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா சொன்ன வழியை ஒரு கை பார்த்துவிடலாம். எண்ணை a² − b² என எழுத முடிந்தால், (a − b), (a + b) இரண்டும் அதன் காரணிகள்.

a-வை, வர்க்கமூலத்தை அடுத்த முழு எண்ணான 3704-இலிருந்து தொடங்குவோம். a²-இலிருந்து நம் எண்ணைக் கழித்தால் வருவது ஒரு வர்க்க எண்ணாக (b²) இருக்க வேண்டும்.

3704² − 13717421 = 2195

5-இல் முடியும் வர்க்க எண் எப்போதும் 25-இல்தான் முடியும். இது 95-இல் முடிகிறது, எனவே ஆகாது. அடுத்தது:

3705² − 13717421 = 9604 = 98²

அவ்வளவுதான்! 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. (உண்மையில் 3704-ஐச் சோதித்திருக்கவே வேண்டாம். நம் எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட எண்ணுக்கு a ஒற்றையாகத்தான் இருக்கும்.)

இவை இரண்டும் பகா எண்களா? 3607-க்கு 59 வரையும், 3803-க்கு 61 வரையும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பாருங்கள். எதுவும் மீதியின்றி வகுக்காது. ஆக,

123456789 = 3² × 3607 × 3803

இனி எல்லாம் பெருக்கல்தான். அடுக்குகள் 2, 1, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 3 × 2 × 2 = 12 காரணிகள். அவற்றின் கூட்டுத்தொகை:

(1 + 3 + 9) × 3608 × 3804 = 178422816

இதில் அந்த எண்ணையே கழித்தால் 54966027. எண்ணைவிடக் குறைவு என்பதால் இது ஒரு குறை எண். அப்புறம், 123456789 வரையிலான எண்களில் அதனோடு பொதுக் காரணி (1 தவிர) இல்லாதவை எத்தனை? ஆய்லரின் சார்பு சொல்லும்: 6 × 3606 × 3802 = 82260072.

ஃபெர்மா வழி எப்போதும் இப்படிக் கைகொடுக்காது. இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம். 987654321-ஐ 9-ஆல் வகுத்தபின் இதையே முயன்றால், ஒற்றை எண்களை மட்டும் பார்த்தாலும் ஏறக்குறைய 90,000 படிகள் ஆகும். சாதாரணமாக வகுத்துக்கொண்டே போனாலோ, 17-இலேயே பிடிபட்டுவிடும்.