கடல் சட்டத்தில் எல்.எல்.எம். ஆய்வேடு எழுதுவது எப்படி

தலைப்பு தேடுவதற்கு முன்னால் ஒரு கடல் வரைபடத்தை மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். 'கச்சத்தீவும் மீனவர் உரிமையும்' என்று எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் சொல்லும் சம்பவம் கடலில் எந்த மண்டலத்தில் நடக்கிறது? செட்டிநாட்டில் ஒரு வளவு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள். அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரங்களோடு பழகிய எங்கள் ஊர் வக்கீல் யாரும் முதலில் புரட்டுவது சொத்து விவரத்தையும் நான்கெல்லையையும்தான். கடல் சட்டத்திலும் எல்லை தெரிந்த பிறகுதான் உரிமையைப் பற்றிப் பேச முடியும்.

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை 1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மான்டிகோ பேயில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 1994 நவம்பர் 16 முதல் அமலில் இருக்கிறது. இந்தியா 1995-லும் இலங்கை அதற்கு முந்தைய ஆண்டிலும் ஏற்புறுதி செய்தன. மொத்தம் 320 ஷரத்துகள். கரையோரமாகப் போடும் அடிப்படைக் கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை பிராந்தியக் கடல், 24 வரை அடுத்துள்ள மண்டலம், 200 வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம், அதாவது மீன் முதலிய வளங்களில் மட்டும் கரை நாட்டுக்குத் தனியுரிமை உள்ள பரப்பு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இந்த அளவு புத்தகத்தில் கிடைக்கும், அதிலேயே ஓர் அத்தியாயத்தைக் கழிக்காதீர்கள். மூன்று பக்கம் போதும்.

மண்டலம் ஏன் முக்கியம் என்பதற்கு என்னிடம் அடிக்கடி வரும் ஒரு வாதமே உதாரணம். 'மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை கூடாது என்று 73-வது ஷரத்து சொல்கிறது. ஆகவே இலங்கை நம் மீனவர்களைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம்.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 73-வது ஷரத்து உடன்படிக்கையின் ஐந்தாம் பாகத்தில், பிரத்யேகப் பொருளாதார மண்டலத்துக்கு உரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாக் விரிகுடாவையோ இந்தியாவும் இலங்கையும் செய்த 1974 எல்லை ஒப்பந்தமே வரலாற்று நீர்ப்பரப்பு, அதாவது நெடுங்காலமாகக் கரை நாடுகள் தமதென்று ஆண்டுவந்த நீர், என்று எடுத்துக்கொண்டு கோடு போட்டது. தன் பக்கத்து நீரை இலங்கை 1977 பிரகடனத்தில் உள்நாட்டு நீர், அதாவது தன் நிலத்தைப் போலவே முழு அதிகாரம் உள்ள நீர், என்றே அறிவித்தது. அங்கே பிடிபட்ட படகுக்கு 73 நேரடியாகப் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் சொல்லிவிடும்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு மாணவர் இதைக் கேட்டதும் முகம் வாடிப்போனார். அவர் வீட்டில் விசைப்படகு உண்டு. "அப்ப எங்க ஆளுகளுக்குச் சட்டமே இல்லையா அக்கா?" என்றார். "இருக்கு தம்பி, வேற இடத்துல இருக்கு. அதைத் தேடுறதுதான் உன் ஆய்வேடு" என்றேன். உள்ளபடியே அவருக்கு நல்ல கேள்வி கிடைத்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கேள்வி இது. 1974 ஒப்பந்தத்தின் ஆறாவது ஷரத்து, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. 1976 மார்ச் 23 அன்று இரு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ, வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒருவர் மற்றவரின் வரலாற்று நீரிலும் பிராந்தியக் கடலிலும் பொருளாதார மண்டலத்திலும் மீன் பிடிக்கக் கூடாது என்கின்றன. கடிதம் ஷரத்தை விழுங்கிவிட்டதா? 'கலங்களின் உரிமை' என்பதில் மீன்பிடிப்பும் அடங்குமா, போக்குவரத்து மட்டும்தானா? ஐந்தாவது ஷரத்து தீவுக்குப் போய்வருவதைத் தனியாகச் சொல்வதால் ஆறாவதன் பொருள் குறுகுகிறதா? ஒப்பந்தங்களுக்குப் பொருள் காணும் முறையை 1969 வியன்னா உடன்படிக்கையின் 31, 32-வது ஷரத்துகள் தருகின்றன. அவற்றை வைத்து இந்த மூன்றுக்கும் பதில் தேடினால் நூறு பக்கம் நியாயமாக நிரம்பும்.

இந்தக் கேள்வியே வேண்டும் என்பதில்லை. பாக் விரிகுடாவில் பலப்பிரயோகம் பற்றி எழுதலாம். எம்.வி. சைகா என்ற கப்பல் பற்றிய வழக்கில், ஹாம்பர்க்கில் இருக்கும் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 1999-ல், மற்றச் சட்டத்துறைகளைப் போலவே கடல் சட்டத்திலும் மனிதாபிமான நோக்கு பொருந்த வேண்டும் என்றது. எந்த மண்டலமானாலும் மீனவர் மேல் துப்பாக்கி நீட்டுவதை அளக்க அந்த வரி பயன்படும். 2012-ல் கேரளக் கடலில் மீனவர் இருவர் சுடப்பட்ட, என்ரிகா லெக்சி என்ற இத்தாலியக் கப்பல் விவகாரத்தில் நடுவர் மன்றம் 2020-ல் தந்த தீர்ப்பும் அங்கே உதவும். வங்கக் கடல் எல்லை குறித்த 2012, 2014 தீர்ப்புகள், 2023-ல் ஏற்கப்பட்ட ஆழ்கடல் பல்லுயிர் ஒப்பந்தம் எல்லாம் நல்ல களங்கள்தான். எதை எடுத்தாலும் ஒரு ஷரத்து, ஒரு நீர்ப்பரப்பு, ஒரு சர்ச்சை என்று சுருக்குங்கள். 'இந்தியாவும் கடல் சட்டமும்' என்ற தலைப்போடு வருபவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மூலங்களுக்கு வருவோம். ஒப்பந்தத்தின் வாசகத்தைச் செய்தித்தாளிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். சர்வதேச நீதிமன்றம், ஹாம்பர்க் தீர்ப்பாயம், ஹேக் நடுவர் மன்றம் மூன்றின் தளங்களிலும் தீர்ப்புகள் இலவசம். ஐ.நா.வின் கடல் விவகாரப் பிரிவு ஒப்பந்தங்களையும் நாடுகளின் சட்டங்களையும் தொகுத்து வைத்திருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட 'லிமிட்ஸ் இன் த சீஸ்' வரிசையில் 66-ம் எண் 1974 எல்லைக்கோட்டையும், 77-ம் எண் இரு நாடுகளும் 1976-ல் போட்ட எல்லைக்கோட்டையும் வரைபடத்தோடு விளக்குகின்றன. ஷரத்துக்கு ஷரத்து உரை வேண்டுமென்றால் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பல தொகுதி விளக்கவுரை இருக்கிறது. விலை கட்டாது, பெரிய நூலகத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான். இந்தியாவின் 1976 கடல் மண்டலச் சட்டம், அரசியலமைப்பின் 297-வது உறுப்பு, தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 மூன்றையும் அச்செடுத்துக் கையோடு வைத்திருங்கள்.

இன்னொரு மூலம், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளே தவறவிடுவது. 1904-ல் இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் மெட்ராஸ் 27-ம் தொகுதி 551-ம் பக்கத்தில் வந்த அன்னகுமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல். ராமநாதபுரம் ஜமீன் குத்தகைக்கு விட்ட சங்குப் படுகையில் சங்கு எடுத்ததாகத் திருட்டு வழக்கு. இடம் கரையிலிருந்து, அன்றைய பிராந்தியக் கடல் எல்லையான மூன்று மைலுக்கு அப்பால். அங்கே நம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதே சர்ச்சை. பாக் விரிகுடா அரசின் ஆட்சிப்பரப்பைச் சேர்ந்ததே என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சங்கு குளித்தவர்கள் மேல் போட்ட ஒரு திருட்டு வழக்கு, எழுபது ஆண்டு கழித்து 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்ற கொள்கைக்கே தூணாக நின்றது. இதை மேற்கோளாக ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிடாமல், தீர்ப்பு முழுவதையும் வாசித்து, நீதிபதிகள் எந்த ஆதாரத்தின் மேல் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். அந்தப் பக்கம் உங்கள் ஆய்வேட்டைத் தனியாகக் காட்டும்.

ஆவண ஆய்வுதான் என்றாலும் ஒருமுறை கரைக்குப் போய் வாருங்கள். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டிக்கு பஸ் இருக்கிறது. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினமும் எட்டாத தூரமில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டும் எஞ்சின் பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். நின்று பேச நேரம் கிடைக்கும். 'உங்களுக்கு அநீதி நடந்ததா' என்று கேட்காதீர்கள். அப்பா காலத்தில் எதுவரை போனார்கள், என்ன வலை, என்ன படகு, எந்த மாதம் என்று கேளுங்கள். பிடிபட்டவர்களிடம் வழக்குக் காகிதம் இருந்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் குற்றம் சாட்டினார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் வாங்குங்கள். பெயரும் படகு எண்ணும் ஆய்வேட்டில் வேண்டாம், அவர்கள் மறுபடி கடலுக்குப் போக வேண்டியவர்கள்.

கரையில் கேட்ட பதிலோடுதான் மிகக் கடினமான பகுதி தொடங்கும். 'மரபுரிமை' என்று வாதிட, செங்கடல் தகராறில் வந்த எரித்ரியா–ஏமன் தீர்ப்புகளையும் 2016 தென்சீனக் கடல் தீர்ப்பையும் எடுப்பீர்கள். பிந்தையது, பிராந்தியக் கடலில் மரபுவழி மீன்பிடி உரிமை தொடரும், பொருளாதார மண்டலத்தில் தொடராது என்றது. நமக்குச் சாதகம்தான். ஆனால் அதே தீர்ப்பு, காலங்காலமான முறையை ஒட்டிய கைத்தொழில் மீன்பிடிப்புக்குத்தான் காப்பு, தொழிற்சாலை அளவிலான மீன்பிடிப்புக்கு இல்லை என்றும் சொல்கிறது. நாட்டுப்படகுக்கும், கடலடியை அரித்து இழுக்கும் இழுவைமடி வலை போடும் விசைப்படகுக்கும் இங்கே வழி பிரிகிறது. இலங்கை 2017-ல் இழுவைமடியைத் தடை செய்ததும் நினைவில் இருக்கட்டும். அந்த மடியில் வலை அறுபட்டுப் போய் நிற்கும் யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழர்தான், அவர் வயிறும் வயிறுதான். இந்தப் பகுதியை மழுப்பி எழுதிய ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. நம் ஆட்களுக்கு உண்மையில் உதவக்கூடியது, அவர்களுடைய வாதத்தில் எந்தப் பாதி நிற்கும் என்று நேர்மையாகச் சொல்லும் ஆய்வேடுதான்.

எழுதும்போது முன்னுரையிலிருந்து தொடங்க வேண்டாம். ஷரத்தின் பொருள் காணும் அத்தியாயத்தை முதலில் முடியுங்கள், பிறகு தீர்ப்புகள், பிறகு வரலாறு, முன்னுரை கடைசியில். தீர்ப்பைச் சுட்டும்போது பக்க எண்ணோடு நிற்காமல் பத்தி எண்ணைக் கொடுங்கள். அடிக்குறிப்பை அன்றன்றைக்கே முழுதாகப் போடுங்கள், கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது. அடிக்குறிப்பு முறை உங்கள் பல்கலைக்கழகம் சொல்வது எதுவோ அதுவே. ஒப்பந்த வாசகங்களை மேற்கோள் குறிக்குள் தனிப்பத்தியாக வையுங்கள், இல்லையென்றால் பிறர் எழுத்தை எடுத்திருக்கிறீர்களா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் சதவீதம் ஏறும்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அநேகமாக உங்களை இலங்கையின் வக்கீலாக நிற்கச் சொல்வார். 1976 கடிதத்தை வைத்து இரண்டு நிமிடம் உங்களுக்கு எதிராக நீங்களே வாதாடப் பழகிக்கொண்டு போங்கள். அடுத்த கேள்வி, வழக்கை எந்த மன்றத்துக்குக் கொண்டுபோவீர்கள் என்பதாக இருக்கும். எந்த மன்றம், எதற்கு விலக்கு என்று சொல்லும் கடல் சட்ட உடன்படிக்கையின் 287, 297, 298-வது ஷரத்துகளைப் புரட்டிப் பார்க்காமல் அறைக்குள் போகாதீர்கள்.