மின் ரெசிப்ரோ ரம்பம்: முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலுக்குப் பின், குமரி மாவட்டத்தில் சாய்ந்து கிடந்த ரப்பர் மரங்களை அறுத்து அகற்றப் பட்ட பாட்டை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விழுந்த கிளையை அறுக்கவும், பழைய ஓட்டு வீட்டுக் கைமரத்தைப் பிரிக்கவும் ரெசிப்ரோ ரம்பம் மிகவும் உதவும். ஆனால் பல மாடல்களில் அதன் பிளேடு நிமிடத்துக்கு 2,800 முறை வரை முன்னும் பின்னும் ஓடுகிறது என்பதை நினைவில் வைத்தே அதைத் தொட வேண்டும்.

மடித்துக் கட்டிய சாரத்தோடு (லுங்கியோடு) இந்த வேலைக்கு இறங்கக் கூடாது. கால்சட்டை, மூடிய காலணி, பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பான் ஆகியவற்றை அணிந்துகொள்ளுங்கள். மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வருகிறதா என்று பார்த்து, எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக விடாமல் முழுவதும் விரித்துவிடுங்கள். சுருண்ட வயர் சூடேறும். நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை என்பதால், ஈரத் தரையில் நின்று அறுக்கும் ஆசையைக் கட்டாயம் அடக்க வேண்டும். மின்கம்பியில் சாய்ந்த மரத்தை நீங்கள் தொடவே கூடாது. மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

அடுத்தது பிளேடு. பச்சைக் கிளைக்கு அங்குலத்துக்கு 5 முதல் 8 பற்களும், இரும்புக் குழாய்க்கு 14 முதல் 24 பற்களும் உள்ளவை பொருந்தும். ஆணி குறுக்கிடக்கூடிய கைமரத்துக்கு, இரு உலோகங்களை இணைத்துச் செய்த பைமெட்டல் பிளேடே நல்லது. அறுக்கப்படும் பொருளைத் தாண்டி பிளேடு இரண்டு அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். பிளேடை மாட்டும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். மாட்டியபின் ஒருமுறை இழுத்துப் பார்த்து, அது பிடித்திருப்பதை உறுதி செய்யுங்கள்.

இனி அறுக்கும் முறை. பிளேடைச் சுற்றி முன்பக்கம் இருக்கும் உலோகத் தகட்டை ஷூ என்பார்கள். ஒரு கை பின்பிடியிலும் மறு கை முன்பகுதியிலும் இருக்க, ஷூவை மரத்தில் அழுத்தி வைத்த பிறகே விசையை மெதுவாக அழுத்த வேண்டும். ஷூ மரத்தை விட்டு விலகினால் பிளேடின் ஓட்டம் முழுவதும் உங்கள் கைக்கே திரும்பி வரும். தக்கலையில் ஒரு பழைய கதவு நிலையை அறுத்தபோது, ஷூவுக்கும் நிலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தேன். பிளேடு நுனி பின்னாலிருந்த கருங்கல் சுவரில் முட்டி, ரம்பம் எகிறியதில் என் மணிக்கட்டு ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. அன்று முதல், மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கைவிட்டுத் தடவிப் பார்க்காமல் நான் விசையைத் தொடுவதில்லை.

கிளையை அறுக்கும்போது அதன் எடை எங்கே தாங்கப்படுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். இரு முனையும் தரையில் ஊன்றி நடுப்பகுதி தொங்கும் கிளையை மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால், வெட்டு வாய் மூடி பிளேடைக் கவ்விக்கொள்ளும். ஆகவே மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் கீழே, பிறகு மேலே. ஏணியில் நின்றுகொண்டு தோளுக்கு மேல் தூக்கி அறுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். அறுத்து முடிந்ததும் பிளேடு முற்றிலும் நின்ற பிறகே வெளியே எடுங்கள். அது கொதிக்கும் சூட்டில் இருக்கும் என்பதால் உடனே தொடக் கூடாது.

பராமரிப்பு பெரிய வேலையன்று. பிளக்கை உருவிவிட்டு, காற்றுத் துளைகளிலும் பிளேடு பூட்டிலும் அடைந்த மரத்தூளை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். ரப்பர் மரம் அறுத்த பிளேடில் பால் உறைந்து பற்களுக்கிடையே பிசினாக ஒட்டியிருக்கும். பிளேடைக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அன்றே துடைத்தால்தான் போகும். மோட்டாரில் வழக்கத்தைவிடப் பெரிய தீப்பொறி தெரிந்தால் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டுகளான கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வயரில் சிறு கீறல் இருந்தாலும் டேப் சுற்றி ஓட்டாமல் வயரையே மாற்றிவிடுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று சில நாட்களிலேயே பிளேடைத் துருப்பிடிக்க வைத்துவிடுவதால், மெல்லிய எண்ணெய் பூசி, மூடியுள்ள பெட்டியில் வைத்து, பெட்டியைத் தரையில் விடாமல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள்.