சிப் காப்புரிமையைப் படிப்பது எப்படி? நாய்ஸின் 2981877-ஐ வைத்துப் பழகுவோம்

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் பலர் காப்புரிமை ஒன்றைத் திறந்து, மேலே இருக்கிற சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "போச்சு, நம்ம ஐடியாவை ஏற்கெனவே எடுத்துட்டாங்க" என்று மூடிவிடுகிறார்கள். தலைப்பும் சுருக்கமும் தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான். உரிமை எதுவரைக்கும் என்பதைத் தீர்மானிப்பது கடைசியில் வருகிற கிளெய்ம்கள் (உரிமைக் கோரிக்கைகள்)தான், அதிலும் ஒவ்வொரு சொல்லும் கணக்கு. சிப் என்கிற ஐ.சி. யாருடையது என்று ராபர்ட் நாய்ஸுக்கும் ஜாக் கில்பிக்கும் நடந்த வழக்கே ஒரு சொல்லில்தான் போய் நின்றது, அதனால் நாய்ஸின் காப்புரிமையை வைத்தே பழகலாம்.

கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்துக்குப் போய் யூ, எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்தையும் சேர்த்து 2981877 என்று அடியுங்கள். இலவசம்தான், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. வருவது ஃபேர்சைல்டு செமிகண்டக்டரில் இருந்த ராபர்ட் நாய்ஸின் காப்புரிமை.

முதலில் தேதிகளைப் பாருங்கள். விண்ணப்பித்தது 1959 ஜூலை 30, வழங்கப்பட்டது 1961 ஏப்ரல் 25. இரண்டும் வேறு வேறு விஷயம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஜாக் கில்பி 1959 பிப்ரவரி 6-ஆம் தேதியே விண்ணப்பித்துவிட்டார், ஆனால் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1964 ஜூனில்தான் (எண் 3138743). முந்தி வந்தவர் யார் என்று பார்க்க வழங்கிய தேதியைப் பிடித்துக்கொண்டு நின்றால் தப்பாகிவிடும். பிரயாரிட்டி தேதி (முதல் விண்ணப்பத்தின் தேதி) என்று போட்டிருப்பார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இப்போது வருகிற அமெரிக்க ஆவணங்களில் எண்ணுக்குப் பின்னால் ஏ1 என்று இருந்தால் அது வெறும் விண்ணப்பம், பி1 அல்லது பி2 என்று இருந்தால்தான் வழங்கப்பட்ட காப்புரிமை. இதைக் கவனிக்காமல் விண்ணப்பத்தில் இருக்கிற அகலமான கிளெய்மைப் பார்த்து பயந்துபோகிறவர்கள் நிறைய. காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் கையில் போய்த் திரும்பும்போது அது பெரும்பாலும் சுருங்கித்தான் வரும்.

சரி, இப்போது கிளெய்முக்கு வருவோம். முதல் கிளெய்ம் ஒரே வாக்கியம், மூச்சு முட்டுகிற நீளத்துக்குப் போகும். எல்லாக் காப்புரிமையிலும் அப்படித்தான், ஒரு கிளெய்ம் ஒரு வாக்கியம். ஒரு காகிதத்தை எடுத்து, காற்புள்ளி வருகிற இடங்களில் உடைத்து, ஒரு துண்டுக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். நாய்ஸின் முதல் கிளெய்மை உடைத்தால் இப்படி வரும்: மேற்பரப்புள்ள ஒரு செமிகண்டக்டர் துண்டு, அதில் பக்கத்துப் பக்கத்தில் 'பி' வகைப் பகுதியும் 'என்' வகைப் பகுதியும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஜங்ஷன் மேற்பரப்பு வரைக்கும் வந்திருக்க வேண்டும். அந்த ஜங்ஷனின் ஒரு பகுதிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக, மேற்பரப்பில் ஒட்டிய இரண்டு நெருக்கமான கான்டாக்ட்கள் (மின்சாரம் போய்வர உலோகம் தொடுகிற இடங்கள்). அப்புறம் அதே செமிகண்டக்டரின் ஆக்சைடால் ஆன ஒரு மின்காப்புப் படலம், இதுவும் மேற்பரப்பில் ஒட்டியிருக்க வேண்டும், ஜங்ஷனின் வேறொரு பகுதியைத் தாண்டிப் போக வேண்டும். கடைசியாக, ஒரு கான்டாக்டிலிருந்து கிளம்பி அந்தப் படலத்தின் மேலேயே ஜங்ஷனைக் கடந்து போகிற ஒரு கடத்தி, அது படலத்தோடு ஒட்டியிருக்க வேண்டும்.

அந்த "வேறொரு பகுதி" என்பது வெறும் வார்த்தையாகப் படித்தால் புரியாது, படத்தைப் பார்க்க வேண்டும். டிரான்சிஸ்டரை மேலிருந்து பார்க்கிற படத்தில் நடுவில் எமிட்டர் என்ற பகுதி இருக்கும், அதைச் சுற்றி பேஸ் என்ற பகுதியின் கான்டாக்ட் ஆங்கில சி எழுத்து மாதிரி வளைந்து, ஒரு பக்கம் திறந்து கிடக்கும். நடுவிலிருந்து வருகிற உலோகப் பட்டை அந்தத் திறப்பு வழியாக, ஆக்சைடின் மேலே ஏறி வெளியே போகும். அடியில் ஜங்ஷன் இருக்கிறது, ஆனால் ஆக்சைடு தடுப்பதால் ஷார்ட் ஆகாது. இவ்வளவுதான் விஷயம், ஆனால் இன்றைக்கு ஒரு சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை இணைக்கிற வயரிங் எல்லாம் இந்த யோசனையின் வழியில் வந்ததுதான். எனக்கு இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கில்பியின் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே துண்டில் பல பாகங்கள், சரி. 'பி', 'என்' இரண்டு வகையும் உண்டு, சரி. இணைப்பு? தங்கக் கம்பி, காற்றில் வளைந்து போகிறது, படலத்தில் ஒட்டவில்லை. கிளெய்மில் இருக்கிற எல்லாத் துண்டும் இருந்தால்தான் அது அந்தக் கிளெய்முக்குள் வரும், ஒன்று இல்லையென்றாலும் அந்த வார்த்தைகளுக்குள் வராது. இதுதான் காப்புரிமை படிப்பதில் மிக முக்கியமான விதி.

ஆனால் கில்பியின் விவரிப்பில் (காப்புரிமையில் கிளெய்முக்கு முன்னால் வருகிற விளக்கப் பகுதி) ஓரிடத்தில், கம்பிக்குப் பதிலாக சிலிக்கான் ஆக்சைடைப் பூசி அதன்மேல் தங்கம் போன்ற ஒன்றை "இட்டு" இணைக்கலாம் என்று ஒரு வரி உண்டு. வழக்கு அங்கேதான் மாட்டிக்கொண்டது. "இட்டது" என்றால் "ஒட்டியது" என்று அர்த்தமாகுமா? 1967-இல் காப்புரிமை அலுவலகத்தின் வாரியம் கில்பி பக்கம் சொன்னது, 1969-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இட்டதெல்லாம் ஒட்டியதாகிவிடாது என்று நாய்ஸ் பக்கம் திருப்பியது. அதற்குள் இரண்டு நிறுவனங்களும் 1966-இலேயே ஒருவர் காப்புரிமையை ஒருவர் பயன்படுத்திக்கொள்ள உடன்பட்டுவிட்டன. ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், கில்பி தோற்றது இந்த ஒட்டிய இணைப்பு விஷயத்தில் மட்டும்தான். அவருடைய காப்புரிமை அப்படியே இருந்தது, 2000-இல் நோபல் பரிசும் வந்தது. நாய்ஸ் 1990-இலேயே இறந்துவிட்டார்.

விவரிப்பைப் படிப்பது இதற்கெல்லாம் அப்புறம்தான். கிளெய்மில் ஒரு சொல் புரியவில்லையென்றால் அதை விவரிப்பில் தேடி, எந்த அர்த்தத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் முதலில் போக வேண்டும். நாய்ஸின் யோசனைக்கு அடியில் ஜீன் ஹோர்னியின் பிளேனார் முறை இருக்கிறது (எண் 3025589), ஜங்ஷனுக்கு மேலே ஆக்சைடை எடுக்காமல் விட்டுவைப்பது அவருடைய யோசனை. அதனால் நமக்குக் காப்புரிமை இருக்கிறது என்பதற்காகப் பொருளைச் செய்து விற்றுவிட முடியாது, அடியில் இருக்கிற இன்னொருவரின் உரிமை தடுக்கலாம்.

கிளெய்மில் "கொண்டது" என்பதற்கு ஈடான சொல் (கம்ப்ரைசிங்) வந்தால் கூடுதலாக வேறு பாகங்கள் சேர்ந்திருந்தாலும் உள்ளேதான் வரும், "மட்டுமே கொண்டது" (கன்சிஸ்டிங் ஆஃப்) என்று வந்தால் கூடுதல் பாகம் சேர்ந்ததுமே பொதுவாக வெளியே போய்விடும். ஒரு பேனாவால் இந்தச் சொற்களை வட்டமிட்டுவிடுங்கள்.

காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இப்போது பொதுவாக விண்ணப்பத்திலிருந்து 20 வருஷம், அதுவும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டே வந்தால்தான். அமெரிக்கக் காப்புரிமை இந்தியாவில் செல்லாது. இங்கே செய்யப் போகிறீர்கள் என்றால் அதே குடும்பத்தில் (ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் போட்ட விண்ணப்பங்கள்) இந்திய விண்ணப்பம் இருக்கிறதா என்று இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளத்தில் தனியாகப் பாருங்கள். காசு போட்டுத் தொழில் தொடங்குகிற கட்டமென்றால் ஒரு பேட்டன்ட் ஏஜென்டிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு 5501893-ஐ எடுங்கள். சிலிக்கானில் ஆழமாகக் குழி வெட்ட, கொஞ்சம் அரித்து, சுவரில் பாலிமர் பூசி, மறுபடி அரித்து என்று மாறி மாறிச் செய்கிற பாஷ் முறை அது, லேர்மரும் ஷில்ப்பும் கண்டுபிடித்தது, 1996-இல் வழங்கப்பட்டது. இது பொருளுக்கான கிளெய்ம் இல்லை, செய்முறைக்கான கிளெய்ம், அதனால் துண்டுகளை உடைக்கும்போது பாகங்களுக்குப் பதிலாகப் படிகள் கிடைக்கும். எந்தப் படி எதற்கு அப்புறம் வர வேண்டும் என்று கிளெய்ம் கட்டாயப்படுத்துகிறதா, அதையும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் குறித்து வையுங்கள்.