சுவரில் ஓதமா? பொங்கலுக்கு வெள்ளையடிக்காதீர்கள்

‘பேஸ்மென்ட்’ என்றால் வெளிநாட்டில் நிலவறை. நம் கொத்தனாருக்கு அது கடைக்காலுக்கு மேல் வீட்டுத் தரை வரை எழும்பும் அடிச்சுவர். டெல்டா வீடுகளில் ஓதம் ஏறுவது அங்கிருந்துதான். வாய்க்காலில் தண்ணீர் வந்தாலே கிணறு மேலே வரும் ஊர் நம்முடையது; அதற்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மழை. களிமண் குடித்த தண்ணீரை லேசில் விடாது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல்லும் காரையும் அதை மேலே இழுக்கும், பெரும்பாலும் மூன்றடி உயரம் வரை. தண்ணீர் காற்றோடு போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு தங்கிவிடும். அந்த உப்பு படிகமாகும்போதுதான் பூச்சு பொரிந்து உதிர்கிறது.

பலரும் செய்கிற தவறு, மார்கழிக் கடைசியில் பெயிண்ட் டப்பாவைத் திறப்பது. நானும் மூன்று பொங்கலுக்கு அதையே செய்தேன். மழைக்காலம் முடிந்து சுவர் ஊறிக் கிடக்கும் நேரம் அது. அந்தக் காலத்தில் பொங்கலுக்கு அடித்தது சுண்ணாம்பு; அது சுவரை மூச்சுவிட விட்டது. இன்று பட்டி பார்த்து எமல்ஷன் அடிக்கிறோம். பங்குனிக்குள் கொப்புளம், ஆடிக்குள் பழைய கோலம்.

அதைவிட மோசம், ஓதம் தெரிகிற மூன்றடிக்கு சிமென்டை இறுக்கிப் பூசுவது, அல்லது டைல்ஸ் ஒட்டி மறைப்பது. வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே போய் நிற்கும். மூன்றடி நோய் ஐந்தடி ஆகும். காசு கொடுத்து ஏற்றிவிட்ட மாதிரிதான்.

பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது. கரைந்து உள்ளே போய்த் திரும்பப் பூக்கும். உலர்ந்த பிரஷால் தேய்த்து, உதிர்வதை அள்ளி வெளியே கொட்டுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் இன்னொன்று: உப்புத் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டினால், உப்பை நாமே சுவருக்குள் வைத்துவிடுகிறோம்.

எல்லா ஈரமும் ஓதம் இல்லை. அடியிலிருந்து சுவர் நெடுகச் சம உயரத்தில் கறை இருந்தால் அது நிலத்து ஈரம். ஒரே இடத்தில் வருஷம் முழுக்க ஊறினால், சுவருக்குப் பின்னால் குளியலறைக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்கு மட்டும் நனைந்தால் வெடிப்பு. அப்படியே வெளியே போய்ச் சுற்றி வாருங்கள். ரோட்டை ஏற்றிக்கொண்டே போய், வாசல் மண் வீட்டுத் தரைக்கு மேல் நிற்கிறதா? கொல்லையில் சுவரை ஒட்டி வாழை வைத்துப் பாத்திரம் கழுவிய தண்ணீரை விடுகிறீர்களா? மண்ணை வெட்டி இறக்கி, தண்ணீரைத் திருப்பினாலே பாதி ஓதம் அடங்கிய வீடுகள் உண்டு.

அதற்கும் அடங்காவிட்டால், அடிச்சுவர் மேல் டி.பி.சி. (ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு) போடாமல் கட்டியிருக்கலாம், அல்லது போட்டது கெட்டிருக்கலாம். தரையை ஒட்டி ஏறக்குறைய 12 செ.மீ.க்கு ஒன்றாகத் துளையிட்டு, நீரை விலக்கும் சிலிக்கோன் வகை மருந்து ஏற்றுவார்கள். அது ஈரம் ஏறுவதைத்தான் தடுக்கும். காரையில் ஏற்கெனவே இருக்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால், கறைக்கு ஓரடி மேல் வரை பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தியாக வேண்டும். கொத்திய கையோடு பூசச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ஒன்பது அங்குலச் சுவர் காய மாதக்கணக்கு ஆகும். மாசி, பங்குனியில் கொத்திப் போட்டு, வெயில் முழுவதையும் வாங்கவிட்டு, ஆடி வாக்கில் சுண்ணாம்புக் காரை பூசுவது நல்லது.

நிஜமாகவே நிலத்தடியில் வண்டி நிறுத்தம் கட்டுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே தண்ணீர் சுவரை அழுத்தித் தள்ளும். உட்பக்கம் பூசும் சாதாரணப் பூச்சை அந்த அழுத்தம் உரித்துவிடும். மண் மூடுவதற்கு முன்பே வெளிப்பக்கம் தடுப்புப் போட வேண்டும்.

கறைக்குள் சுவிட்ச் பெட்டி இருந்தால், கொத்துவதற்கு முன் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.